நடுவில் நின்ற முள்

"உங்க பொண்ணு குண்டாகிட்டே போறாம்மா" என்றார் டாக்டர்.

எடை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எடைக்காரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வயதுக் குழந்தை பரிசோதனை மேசைமேல் குப்புறக் கிடந்தாள். சட்டை மேலேறியிருந்தது. விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். இதுவா குண்டு?

"டாக்டர், கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்க. எலும்பும் தோலுமா கிடக்கா."

"நான் பாக்குறது இருக்கட்டும், மெஷின் என்ன சொல்லுது? போன மாசம் இருபத்து மூணரை. இந்த மாசம் இருபத்து நாலு. மெஷினுக்கு உங்க பொண்ணு மேல என்ன கோபமா?" சொல்லிக்கொண்டே அவர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். "சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சிட்டீங்கதானே?"

"மூணு மாசமா பாதிதான் போடுறேன். பசிக்குதுன்னு அழறா."

"அழத்தான் செய்வா. இன்னும் கொஞ்சம் குறைங்க. கனம் தாங்காமத்தான் கால் மடங்குது. எடை இறங்கினா தானா எழுந்து நடப்பா."

எட்டு மாதத்துக்கு முன் இந்தக் குழந்தை வீட்டுக்கும் பள்ளிக்கும் ஓடியே போய்க்கொண்டிருந்தாள். பிறகு நடந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு மாதமாகத் தவழ்கிறாள். பள்ளியில் கேட்டால் சோம்பேறித்தனம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் தீனி என்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"உங்க பொண்ணு மட்டும் இல்லைம்மா, ஊரே ஊதிப்போச்சு. காலையில இருந்து பதினேழு பேருக்கு எடை பாத்தாச்சு, ஒருத்தர் பாக்கியில்லாம ஏறியிருக்காங்க. நானே ஏறியிருக்கேன்" என்று டாக்டர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். பாவம், அங்கே தட்டுவதற்குத் தொப்பை ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் அந்த ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஒரு புதுக் கோள். மனிதர்கள் வந்து இறங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. வந்தபோது அங்கே ஈர்ப்பு ரொம்பக் குறைச்சல். சொந்த உலகத்தின் ஈர்ப்பை நூறு என்று வைத்துக்கொண்டால் இங்கே முப்பத்தைந்து. தம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் யோசித்து யோசித்துத்தான் விழும். இப்படியே இருந்தால் பேரன் பேத்தி காலத்தில் எலும்பு என்று ஒன்றே இருக்காது என்று பெரியவர்கள் கணக்குப் போட்டு, கோளின் கனத்தையே கூட்டுவது என்று முடிவுகட்டினார்கள். ஒன்பது கிணறு தோண்டினார்கள். ஒரு கரண்டி எடுத்தால் ஒரு குன்றின் எடை இருக்கும் குழம்பு ஒன்றைத் தயாரித்து, கிணறு வழியாகக் கோளின் வயிற்றுக்குள் இறக்கினார்கள். கிணற்றுக்கு ஒரு சக்கரம். சக்கரத்தை ஒரு சுற்றுத் திருகினால் ஒரு மடக்கு உள்ளே போகும். போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது.

உடம்பு பழக வேண்டுமே, அதனால் மெதுவாக, வருடத்துக்குப் பத்து என்று அட்டவணை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் எடை அலுவலகம் ஈர்ப்பை அளந்து படிவத்தில் எழுத வேண்டும். அளப்பதும் எழுதுவதும் எடைக்காரியின் வேலை. படிவம் முதல் கிணற்றுக்குப் போகும். அங்கே சக்கரத்தைத் திருகுகிறவர் அவளுடைய புருஷன். சக்கரக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் படிவத்தைப் படித்து மற்ற எட்டுக் கிணறுகளுக்கும் ஃபோனில் சொல்வார். பத்து மணிக்கு ஒன்பது சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். எண் அட்டவணையோடு ஒத்துப்போனால் ஒரு சுற்று. 'மாற்றம் இல்லை' என்று வந்தால் மூன்று சுற்று. எண் அட்டவணையைத் தாண்டி ஓடிவிட்டால் எல்லாச் சக்கரத்துக்கும் பூட்டு. அட்டவணை வந்து சேர்கிறவரை அந்தப் பூட்டை யாரும் திறக்கக் கூடாது. விதி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் முன்பு, எண் நாற்பதில் இருந்தபோது, அலுவலகத்தின் பழைய சுருள்வில் தராசு இழுத்துக்கொண்டு செத்துப்போனது. ஊர்க்காரர்களை இறக்கிவிட்டு மேலே சுற்றிக்கொண்டிருந்த விண்கப்பலின் கிடங்குக்கு எழுதிப் போட்டார்கள். சுருள்வில் கைவசம் இல்லை, அதைவிட உசத்தியானதை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. பின்னாலேயே பட்டுத்துணி விரித்த பெட்டியில் தராசும் வந்தது. இரண்டு தட்டு, நடுவில் முள், முடி விழுந்தால்கூடக் காட்டிக்கொடுக்கும் நுட்பம், தங்க முத்திரை குத்திய சான்றிதழ் வேறு. எடைக்காரி அதைக் கைக்குழந்தையைப் போலத் துடைத்து வைத்தாள். திங்கட்கிழமை தவறாமல் ஒரு தட்டில் ஒரு கிலோ படிக்கல்லை வைப்பாள், மறு தட்டில் கப்பலிலிருந்து வந்த இன்னொரு ஒரு கிலோவை வைப்பாள். முள் இம்மிகூட அசையாமல் நடுவில் நிற்கும். 'மாற்றம் இல்லை' என்று எழுதுவாள். அடுத்த மேசைக்காரர் முத்திரையைக் குத்துவார்.

டாக்டரிடமிருந்து வந்த அன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சக்கரக்காரரும் வந்திருந்தார். குழந்தை தட்டிலிருந்த அரை ரொட்டியை முடித்துவிட்டு அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடைக்காரி தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள்.

"வேண்டாம்" என்று அவர் அவள் கையைப் பிடித்தார். "டாக்டர் சொல்லியிருக்கார்ல?"

"டாக்டர் தலையில இடி விழ. பிள்ளை முகத்தைப் பாருங்க."

"நம்ம இஷ்டத்துக்குப் பண்ணா எப்படி? படிச்சவர் சொல்றார், ஒரு காரணம் இல்லாமலா சொல்வார்?" குழந்தை கையை நீட்டியபடியே இருந்தாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காலித் தட்டை மெதுவாக அவள் பக்கத்திலிருந்து நகர்த்தினார்.

எடைக்காரி எழுந்துவிட்டாள். "அந்த மெஷின்தான் கோளாறு. இருபது வருஷமா எடை பாக்குறவ நான். நிரூபிச்சுக் காட்டுறேன், அப்புறம் பேசுங்க."

நேரே அலுவலகம் போய் ஒரு கிலோ படிக்கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். படியேறும்போது மூச்சு வாங்கியது. இந்த எட்டு மாதத்தில் ஊரில் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. முட்டித் தைலம் கடைக்கு வந்த அன்றே தீர்ந்துபோனது. அவரவர் அதை வயசு என்றார்கள், வேலை என்றார்கள், படுக்கை சரியில்லை என்றார்கள்.

டாக்டர் மேசைமேல் அவள் படிக்கல்லைத் தொம்மென்று வைத்தாள். "இது சரியா ஒரு கிலோ. கப்பல்ல சீல் வச்சது. உங்க மெஷின்ல வையுங்க."

வைத்தார். ஒன்றரைக் கிலோ காட்டியது.

"பாத்தீங்களா!" அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "என் பிள்ளையைப் பட்டினி போட வச்சீங்களே! உங்க மெஷினைத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

டாக்டர் படிக்கல்லை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அங்கிருந்த மெஷினும் ஒன்றரை என்றது. பிரசவ அறை மெஷினும் ஒன்றரைதான். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு மெஷினும் ஒரே மாதிரியாம்மா கெட்டுப்போகும்?" என்றார் மெல்ல. "இதெல்லாம் வில் வச்ச மெஷின். எட்டு மாசம் முன்னாடி நீங்க குடுத்த எண்ணுக்குத்தான் திருத்தி வச்சோம். நாற்பதுக்கு. அதுக்கப்புறம் மாற்றம் இல்லைன்னுதானே எழுதுனீங்க, நாங்களும் தொடலை. நாற்பதுல ஒன்றரை மடங்குன்னா... அறுபது."

"அதெப்படி? வாரா வாரம் நான் தராசுல..."

சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. இரண்டு தட்டு. இந்தத் தட்டில் ஒரு கிலோ, அந்தத் தட்டில் ஒரு கிலோ. கீழே இழுக்கிறது எவ்வளவு பலமாக இழுத்தாலும் இரண்டையும் சேர்த்துத்தானே இழுக்கும்? முள் எப்படி அசையும்? இரண்டு பேரும் ஒரே அளவு சாப்பிட்டு ஒரே அளவு பெருத்தால் சீசா பலகை சாயுமா? கோளே நொறுங்கிப் போனாலும் அந்த முள் நடுவில்தான் நிற்கும். அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கப்பலில் படித்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். நிறையப் பேர் இருந்தார்கள். தராசை அனுப்பியது கிடங்கு, படித்தவர்களுக்குப் போனது படிவத்தின் நகல் மட்டும்.

"அப்ப என் பொண்ணோட எடை?" என்றாள்.

டாக்டர் பழைய சீட்டையெல்லாம் எடுத்துக் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். சொல்லத் தயங்கினார். "பதினாறு. எட்டு மாசம் முன்னாடி பதினெட்டு. ரெண்டு கிலோ இறங்கியிருக்கா."



"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றார் அவர். "வயிறாரச் சாப்பாடு போடுங்க. ஈர்ப்பு இதோட நின்னா, எலும்பு மெதுவாப் பழகிடும். ஒரு வருஷத்துல எழுந்து நடப்பா. ஆனா இதுக்கு மேல ஏறக் கூடாது. பொய் சொல்ல மாட்டேன், இன்னும் மூணு சுத்து ஏத்தினா கால் இல்லை, நெஞ்சே தாங்காது."

திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்று சுற்று.

எடை அலுவலக மேலாளரை ஊரில் கல்லுளிமங்கன் என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அன்றைக்குச் சாயங்காலமே எடைக்காரி போய்ச் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். தப்பு என்னுடையது, எட்டு மாதமாக நான்தான் தப்பாக எழுதினேன், எழுதியே தருகிறேன் என்றாள். முறைப்படி சரிபார்க்கலாம் என்று அவர் முதல் கிணற்றிலிருந்து சக்கரக்காரரையும் வரவழைத்தார். பட்டுத்துணிப் பெட்டியைத் திறந்தார். தன் கையாலேயே இரண்டு தட்டிலும் கல்லை வைத்தார். முள் நடுவில் நின்றது.

"பாருங்கம்மா, மாறவே இல்லையே!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சார், அதைத்தானே இவ்வளவு நேரம் கரடியா கத்துறேன்! இது மாறவே மாறாது சார்! நாளைக்கு நாம எல்லாரும் நசுங்கிச் செத்தாலும் இது இப்படித்தான் நிக்கும்!"

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லை. ஆனா புரிஞ்சதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?"

"ஆஸ்பத்திரியில மூணு மெஷின் ஒன்றரை காட்டுது."

"அது உடம்பு எடை பாக்குறது. ஈர்ப்பு அளக்க அதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

அவள் மேசையில் காகிதத்தின்மேல் வைத்திருந்த கல்லை எடுத்துத் தரையில் போட்டாள். அது படாரென்று விழுந்ததில் தரை ஓடு விரிசல் விட்டது. "எவ்வளவு வேகமா விழுது பாருங்க!"

"முன்னாடி எவ்வளவு வேகமா விழுந்துச்சுன்னு பதிவு இருக்கா?" என்று கேட்டார் கல்லுளிமங்கன். கேலியே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "புது சுருள்வில்லுக்கு எழுதிப் போடுவோம். நாலு மாசத்துல வந்துடும். அதுவரைக்கும் சான்றிதழ் உள்ள கருவி எது? இது."

வெளியே தெருவில் வந்ததும் அவள் புருஷன்மேல் பாய்ந்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை பேசக் கூடாதா? திங்கட்கிழமை உங்க கையாலதானே திருகப் போறீங்க!"

"நான் ஒருத்தன் திருகலைன்னா மத்த எட்டும் சுத்தும். படிவம் மாறினாத்தான் ஒம்பதும் நிக்கும்."

"படிவம், படிவம்! பெத்த பொண்ணு உங்களுக்குப் பெரிசா, படிவம் பெரிசா?"

அவர் நின்றார். அதிகம் பேசாத மனுஷர். பேசினால் எதிராளி எழுந்திருக்க முடியாதபடி பேசிவிடுவார். "நீ எழுதினதைத்தான் நான் திருகினேன்" என்றார். வீடு வரும்வரை இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரமாக நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ரொட்டிகளை அடுக்கி வைத்தாள். குழந்தை தூங்கித் தூங்கி விழுந்தாளே தவிர அதிகம் சாப்பிடவில்லை. வயிறு சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எடைக்காரி அலுவலகத்தில் தன் மேசையில் உட்கார்ந்தாள். தராசை எடுத்து வைத்தாள். கல்லை வைத்தாள். முள் நடுவில் நின்றது. அவளுக்கு அதைப் பிடுங்கி வளைத்து எறிய வேண்டும் போலிருந்தது. எட்டு மாதமாகப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள், ஒரு எழுத்துப் பொய் இல்லை. அந்த ஒழுங்கால்தான் மகள் தவழ்ந்துகொண்டிருக்கிறாள். பேனாவை எடுத்தாள். இருபது வருட வேலையில் கருவி காட்டாத எண்ணை அவள் எழுதியதே கிடையாது. ஈர்ப்பு என்ற கட்டத்தில் 'அறுபது' என்று எழுதினாள்.

அடுத்த மேசைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே முத்திரையைக் குத்தினார். எட்டு மாதமாக ஒரே வார்த்தை, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம். படிவம் கொண்டுபோகிற ஆளுக்காகக் காத்திருக்காமல் அவளே எடுத்துக்கொண்டு முதல் கிணற்றுக்கு நடந்தாள்.

சக்கரக்காரர் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மணி பத்தாக இருபது நிமிடம் இருந்தது. படிவத்தை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"அறுபதுன்னு போட்டிருக்கே."

"ஆமா."

"சனிக்கிழமை என் கண்ணு முன்னாடிதான் முள்ளு நடுவுல நின்னுச்சு. எதுல அளந்த?"

சுருட்டி மழுப்பத் தெரியாதவள். "காலையில குளிக்க வைக்கத் தூக்கினேன்ல, அவளை" என்றாள். "பதினாறு கிலோ பிள்ளைங்க அவ. தூக்கி இடுப்புல வைக்க முடியலை. அதுல அளந்தேன்."

அவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எட்டு மாதமாக அவரும் தினமும் அந்தக் குழந்தையைத் தூக்குகிறார். தினமும் முதுகு வலித்தது, எனக்கு வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தார். அவர் முகம் கோணியது. புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் எண்ணெய்க் கறை கன்னம் முழுக்க அப்பிக்கொண்டது. பிறகு ஃபோனை எடுத்தார்.

"ரெண்டாம் கிணறா? படிவம் வந்திருக்கு. அறுபது. அட்டவணையைத் தாண்டிடுச்சு, பூட்டுங்க... ஆமாய்யா, அறுபதுதான்... முத்திரை எல்லாம் இருக்கு. சரியாத்தான் அளந்திருக்காங்க." எட்டுக் கிணற்றுக்கும் அதையே சொன்னார். எட்டாவது கிணற்றுக்காரன் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டபோது, "சொல்றேன்ல, பூட்டுடா!" என்று ஒரு அதட்டல் போட்டார். கடைசியாகத் தன் சக்கரத்தின் சங்கிலியை மாட்டிப் பூட்டினார். அறுபது வர வேண்டிய நாளுக்கு இன்னும் பதினாறு மாதம் இருந்தது.

பதினோரு மணிக்குக் கல்லுளிமங்கன் ஓடிவந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. பூட்டைத் திறக்க விதியில் இடமில்லை. விதியை மீற அவருக்கு மனசும் இல்லை. கருவி இல்லாமல் எண் எழுதிய குற்றத்துக்காக எடைக்காரியின் மேசைச் சாவியை வாங்கிக்கொண்டார். சுருள்வில் வந்து அறுபதுதான் என்று காட்டினால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். "காட்டினாலும் நீங்க அன்னைக்கு அளக்காம எழுதினது எழுதினதுதானேம்மா" என்றார். அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். சக்கரக்காரரும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தார்.

குழந்தை தரையில் உட்கார்ந்து சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். எடைக்காரி தட்டு நிறைய வைத்தாள். முழு ரொட்டி இரண்டு, காய், மேலே நெய். தட்டை மகளுக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குழந்தை தட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஒரு ரொட்டியை எடுத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பாதியாகக் கிழித்தாள். ஒரு பாதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மீதி எல்லாவற்றையும் தட்டோடு அப்பா பக்கம் தள்ளினாள்.

"எனக்கு இது போதும்ப்பா" என்றாள். "நான் குண்டு."

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். எடைக்காரி தட்டைத் திரும்ப இழுத்து மகள் முன்னால் வைத்தாள்.

"நீ குண்டு இல்லைடி தங்கம். அம்மா தப்பா எழுதிட்டேன். எல்லாம் அம்மா பண்ண தப்பு."

குழந்தை நம்பலாமா என்று யோசிப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடைக்காரி ஒரு வாய் பிய்த்து ஊட்டினாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு குழந்தை தலையை ஆட்டினாள். இன்னொரு தரம் நீட்டினாள். அதற்கும் ஆட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை எடைக்காரி அந்த ஒரு வாய்க்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.